பேரேட்டுப் பக்க எண்ணும் ஃபாரின் கீயும்

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். குறிப்பேட்டுக்குக் கோடு போடும்போது விவரத்துக்கும் பற்றுத்தொகைக்கும் நடுவில் ஒல்லியாக ஒரு கட்டம் வரும். அதன் தலையில் 'பே.ப.எ.' என்று எழுதுவோம். பேரேட்டுப் பக்க எண். இந்த வரியில் உள்ள தொகை பேரேட்டில் எந்தப் பக்கத்துக் கணக்கில் ஏறியிருக்கிறது என்பதை அந்தக் கட்டம் சொல்லும். பரீட்சையில் பெரும்பாலும் அதைக் காலியாக விட்டுவிட்டுத்தான் எழுதினோம். ஆனால் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கு அந்த எண்தான் உயிர். குறிப்பேட்டில் 45 என்று எழுதியிருந்து, பேரேட்டில் 45-ஆம் பக்கத்தை யாரோ கிழித்துவிட்டிருந்தால், பணம் கொடுத்த வரி இருக்கும், அது ஏறிய கணக்கு இருக்காது.

டேட்டாபேஸில் ஃபாரின் கீ என்று சொல்வது இந்தப் பே.ப.எ. கட்டத்தைத்தான். அந்தக் கட்டத்தில் எழுதிய எண்ணுக்குரிய பக்கம் கட்டாயம் இருந்தே தீரவேண்டும் என்ற விதிக்குப் பெயர் ரெஃபரன்ஷியல் இன்டக்ரிட்டி. பெயர்தான் நீளம், சங்கதி இவ்வளவுதான். ஆனால் அந்த விதியை யார் காவல் காப்பது என்ற கேள்வியில் வெப் ஃப்ரேம்ஒர்க் (இணைய ஆப் எழுதத் தயாராகக் கிடைக்கும் அடித்தளம்) பழகுகிறவர்கள் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். நானும் வழுக்கினேன்.

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பின்பக்கம் எங்கள் தெருவில் ஓர் அக்கா தவணைக்குப் புடவை விற்கிறார். சிக்பேட்டையில் மொத்தமாக எடுத்துவந்து ஜோகுபாளையம், மர்பி டவுன் பக்கம் வீடு வீடாகப் போய்க் கொடுப்பார். வாரம் ஐந்நூறு, மாதம் ஆயிரம் என்று வசூல். இருபது வருடக் கணக்கு நீள நோட்டுகளில் இருந்தது. அதை மொபைலில் பார்க்கிற மாதிரி ஒரு சின்ன ஆப்பாக லாராவெல் என்ற ஃப்ரேம்ஒர்க்கில் எழுதிக் கொடுத்தேன். மூன்று டேபிள்கள் (அட்டவணைகள்): வாடிக்கையாளர், விற்பனை, தவணை. விற்பனையின் ஒவ்வொரு வரியிலும் வாடிக்கையாளர் எண் இருக்கும். தவணையின் ஒவ்வொரு வரியிலும் விற்பனை எண் இருக்கும்.

நாலு மாதம் கழித்து அக்கா கூப்பிட்டார். "தம்பி, முதல் பக்கத்துல பாக்கி ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறுன்னு காட்டுது. உள்ளே போய் ஆள் ஆளா கூட்டினா ஒரு லட்சத்துப் பதினோராயிரத்துத் தொள்ளாயிரம்தான் வருது. எது நிசம்?"

வித்தியாசம் 6,500 ரூபாய். உட்கார்ந்து தேடினேன். முதல் பக்கம் விற்பனையைக் கூட்டித் தவணையைக் கழிக்கிறது, வாடிக்கையாளர் டேபிளைத் தொடுவதே இல்லை. உள்பக்கம் வாடிக்கையாளரையும் விற்பனையையும் ஜாயின் செய்து (எண்ணை வைத்து இரண்டு டேபிள்களின் வரிகளை ஜோடி சேர்த்து) பெயரோடு காட்டுகிறது. சாதாரண ஜாயினுக்கு ஒரு குணம் உண்டு: ஜோடி கிடைக்காத வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். எர்ரர் வராது, எச்சரிக்கை வராது. விற்பனை டேபிளில் 8,500 ரூபாய்ப் பட்டுப்புடவை ஒன்று 45-ஆம் எண் வாடிக்கையாளருக்குப் போயிருக்கிறது. ஐந்நூறு ஐந்நூறாக நாலு தவணை வந்திருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் டேபிளில் 44-க்கு அடுத்து 46.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். இரட்டையாகப் பதிந்துவிட்டது என்று நினைத்து, அக்காவின் மகன் ஒன்றை நீக்கியிருக்கிறான். அவன்மேல் குற்றமே இல்லை. நீக்கு என்று ஒரு பொத்தான் வைத்தது நான். அதை அழுத்தும்போது தடுக்கவேண்டிய ஒன்றை வைக்காமல் விட்டதும் நான்தான்.

இப்படிப் பெற்றவரை இழந்து நிற்கிற வரியை டேட்டாபேஸ்காரர்கள் அநாதை வரி என்பார்கள். 45-ஆம் வரி பெற்றோர், அதைச் சுட்டுகிற விற்பனை வரி பிள்ளை. அநாதை வரி உருவாக நான்கு வழிகள் உண்டு. இல்லாத எண்ணைப் போட்டுப் பிள்ளையை உள்ளே சேர்ப்பது, இருக்கிற பிள்ளையின் எண்ணை இல்லாத எண்ணாக மாற்றுவது, பிள்ளை இருக்கும்போதே பெற்றோரை அழிப்பது, பிள்ளை இருக்கும்போதே பெற்றோரின் எண்ணை மாற்றுவது. நான்கையும் அடைத்தால் போதும்.

இதைப் புதிதாக யாரும் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. ஐபிஎம்மின் சான் ஹோசே ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த எட்கர் காட் 1970-இல் தகவலை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாடலை முன்வைத்த கட்டுரையிலேயே ஃபாரின் கீ என்ற சொல் வந்துவிட்டது. டேட்டாபேஸோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல்லின் தரத்துக்குள் அது 1989-இல் நுழைந்தது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ்கள் எல்லாவற்றிலும் இன்று அது இருக்கிறது. அப்படியானால் என் ஆப்பில் ஏன் இல்லாமல் போனது?

டேபிளின் அமைப்பை எழுதும் மைக்ரேஷன் கோப்பில் ஒரு சொல் விட்டுப்போனதுதான் காரணம். லாராவெல்லில் 'ஃபாரின்ஐடி' என்று எழுதினால் வாடிக்கையாளர் எண்ணுக்கு ஒரு நெடுவரிசை உண்டாகும். அவ்வளவுதான் உண்டாகும். பெயரில் ஃபாரின் இருப்பதால் ஃபாரின் கீயும் வந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். அதன் பின்னாலேயே 'கன்ஸ்ட்ரெயின்ட்' என்று சங்கிலியில் சேர்த்தால்தான் டேட்டாபேஸில் விதி ஏறும். ரெயில்ஸ் என்ற இன்னொரு ஃப்ரேம்ஒர்க்கிலும் அதே குழிதான். மைக்ரேஷனைக் கையால் எழுதும்போது 'ரெஃபரன்சஸ்' என்று மட்டும் போட்டால் நெடுவரிசையும் இண்டெக்ஸும் (சீக்கிரம் தேட உதவும் பட்டியல்) கிடைக்கும். 'ஃபாரின் கீ: ட்ரூ' என்றும் சேர்த்தால்தான் விதி கிடைக்கும். மாடலில், அதாவது ஆப்புக்குள் ஒரு டேபிளைக் குறிக்கும் நிரலில், 'ஹேஸ் மெனி', 'பிலாங்ஸ் டூ' என்று அழகாக எழுதி வைத்திருப்போம். அது ஃப்ரேம்ஒர்க்குக்குச் சொன்ன உறவு. டேட்டாபேஸுக்கு அந்த உறவு தெரியவே தெரியாது.

ரெயில்ஸ் இதில் கொள்கையாகவே ஒரு பக்கம் நின்றது. விதிகள் மாடலில் இருக்கவேண்டும், டேட்டாபேஸில் அல்ல என்பது அதன் டேட்டாபேஸ் பகுதியான ஆக்டிவ் ரெக்கார்டின் போக்கு என்று அதன் வழிகாட்டியே சொல்லும். 2004-இல் வந்த ஃப்ரேம்ஒர்க்கில், ஃபாரின் கீயை மைக்ரேஷனிலேயே எழுதும் வசதி 4.2 பதிப்பில், 2014-இல்தான் உள்ளே வந்தது. அதுவரை ஜெம் எனப்படும் தனி இணைப்பு நிரலைப் போட்டுக்கொள்ளவேண்டியிருந்தது. பைத்தான் மொழியின் ஜாங்கோ ஃப்ரேம்ஒர்க் அப்படியில்லை, மாடலில் ஃபாரின் கீ என்று எழுதினாலே டேட்டாபேஸிலும் விதியைப் போட்டுவிடும். பெற்றோர் போனால் பிள்ளைக்கு என்ன என்பதையும் 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து கட்டாயம் சொல்லியாகவேண்டும், 'ஆன் டிலீட்' எழுதாமல் நகர முடியாது. இந்த ஒரு விஷயத்தில் ஜாங்கோ செய்தது சரி என்பது என் எண்ணம். யோசிக்காமல் விடுகிற இடத்தில் நிறுத்தி யோசிக்க வைக்கிறது.

சரி, மாடலில் சரிபார்த்தால் போதாதா? லாராவெல்லில் 'எக்ஸிஸ்ட்ஸ்' என்ற வேலிடேஷன் விதி இருக்கிறது. ரெயில்ஸ் 5-இலிருந்து 'பிலாங்ஸ் டூ' போட்டாலே பெற்றோர் இருக்கிறாரா என்று பார்க்கிறது. இருக்கிற எண்தானா என்று பார்த்துவிட்டுத்தானே உள்ளே விடுகிறோம் என்று தோன்றும்.

பக்கத்தில் போய்ப் பார்ப்போம். அக்கா மர்பி டவுனில் ஒரு வீட்டு வாசலில் நின்று 45-ஆம் எண்ணுக்கு ஒரு புடவையைப் பதிகிறார். ஆப் டேட்டாபேஸிடம் கேட்கிறது: 45 இருக்கிறதா? இருக்கிறது என்று பதில் வருகிறது. அடுத்த வரியில் விற்பனையை எழுதப்போகிறது. இந்தக் கேள்விக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குதான் இடைவெளி. அதே நேரம் வீட்டில் மகன் 45-ஐ நீக்குகிறான். அவனுடைய ரிக்வெஸ்ட்டும் கேட்கிறது: 45-க்கு விற்பனை ஏதும் உண்டா? இன்னும் எழுதப்படாததால் இல்லை என்று பதில் வருகிறது. இவர் எழுதுகிறார், அவன் அழிக்கிறான். இரண்டு பேரும் முறையாகச் சரிபார்த்துவிட்டுத்தான் செய்தார்கள். இரண்டு சரிபார்ப்பும் அந்தந்தக் கணத்தில் உண்மை. ஆனாலும் அநாதை வரி பிறந்துவிட்டது.

மாடலில் எத்தனை கவனமாகச் சரிபார்ப்பு எழுதினாலும் இந்த இடைவெளி இருந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் பார்ப்பதும் எழுதுவதும் தனித்தனி வேலைகளாக நடக்கின்றன. டேட்டாபேஸ் ஃபாரின் கீயை வைத்திருந்தால் அப்படி நடக்காது. பிள்ளை வரியை எழுதும்போதே பெற்றோர் வரியின்மேல் ஒரு பூட்டைப் போட்டுக்கொள்ளும். அந்தப் பூட்டு இருக்கும்வரை அழிக்க வந்தவர் காத்திருக்கவேண்டும். எழுதி முடிந்து பூட்டு விலகியதும், பிள்ளை இருக்கிறது, அழிக்க முடியாது என்று அவருக்குப் பதில் போகும். அழிப்பவர் முந்திக்கொண்டால் எழுதுகிறவருக்கு எர்ரர் போகும். யாராவது ஒருவர்தான் ஜெயிப்பார், கணக்கு உடையாது.

ஒரு வீட்டில் இரண்டு போன் உள்ள ஆப்பில் இது எப்போதாவது நடக்கும். நிறையப் பேர் ஒரே சமயத்தில் புழங்குகிற தளத்தில் தினமும் நடக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. டேட்டாபேஸுக்குள் வருகிற வாசல் உங்கள் ஆப் மட்டுமில்லை. பழைய நோட்டுக் கணக்கை எக்செல்லில் தட்டி நேராக இறக்குமதி செய்தது ஒரு வாசல். நள்ளிரவில் தானாக ஓடுகிற கிரான் ஸ்கிரிப்ட் ஒரு வாசல். அவசரத்துக்கு டெர்மினலைத் திறந்து நேரடியாக டிலீட் அடிப்பது ஒரு வாசல். ஆப்புக்குள்ளேயே கூட, ரெயில்ஸில் 'டிஸ்ட்ராய்' என்று கூப்பிட்டால் மாடல் விதிகள் ஓடும், 'டிலீட்' என்று கூப்பிட்டால் அவற்றைத் தாண்டிக்கொண்டு நேரே போய் அழித்துவிடும். ஒரு சொல் மாறியதில் காவல் போய்விடுகிறது. எந்த வாசலில் வந்தாலும் கடைசியில் டேட்டாபேஸைக் கடந்துதான் ஆகவேண்டும். அதனால்தான் காவலாளியை அங்கே நிறுத்தச் சொல்கிறேன்.

அதற்காக மாடலில் உள்ள சரிபார்ப்பைத் தூக்கிவிடாதீர்கள். அது மனிதர்களுக்கானது. டேட்டாபேஸ் மறுத்தால் மைஎஸ்க்யூஎல்லில் 1451, 1452 என்றும் போஸ்ட்கிரெஸில் 23503 என்றும் ஓர் எண்ணோடு தொழில்நுட்பச் செய்திதான் வரும். அதைப் பிடித்து, படிக்கிற மாதிரி ஒரு வாக்கியமாக ஆக்கிக் காட்டுவது ஆப்பின் வேலை.

டேட்டாபேஸில் போட்டுவிட்டோம் என்று நினைத்து ஏமாறுகிற இடங்களும் உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் மைஐசாம் என்ற பழைய சேமிப்பு எஞ்சின் இருந்தது. ஃபாரின் கீ எழுதினால் சரி என்று வாங்கிக்கொள்ளும், ஆனால் செயல்படுத்தாது. 2010-இல் வந்த 5.5 பதிப்புக்கு முன்புவரை அதுதான் இயல்பான எஞ்சின், பிறகுதான் இன்னோடிபி அந்த இடத்துக்கு வந்தது. பழைய ஹோஸ்டிங்கிலிருந்து வந்த டேபிள்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எஸ்க்யூலைட் 2009-இல்தான் ஃபாரின் கீயை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. இன்றும் அது இயல்பாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் அதை ஆன் செய்யவேண்டும். ஜாங்கோ 2.0 முதல் அதைத் தானே செய்துகொள்கிறது. ஃப்ரேம்ஒர்க் இல்லாமல் கையால் எழுதுகிறவர்கள்தான் கவனிக்கவேண்டும்.

இனி முக்கியமான இடம். பெற்றோரை அழிக்கும்போது பிள்ளை என்ன ஆகவேண்டும்? ரெஸ்ட்ரிக்ட் என்றால் பிள்ளை இருக்கும்வரை பெற்றோரை அழிக்க விடாது. கேஸ்கேட் என்றால் பெற்றோரோடு பிள்ளையும் போகும், பிள்ளைக்குப் பிள்ளையும் போகும். செட் நல் என்றால் பிள்ளை இருக்கும், பெற்றோர் எண் மட்டும் வெற்றாகும்.

பாடங்களில் பெரும்பாலும் கேஸ்கேட்டைத்தான் முதலில் காட்டுகிறார்கள், ஏனென்றால் எர்ரரே வராமல் வேலை முடிந்துவிடும். என் அக்காவின் கணக்கில் கேஸ்கேட் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மகன் 45-ஐ நீக்கியதும் 8,500 ரூபாய் விற்பனையும் போயிருக்கும். அதைத் தொடர்ந்து நாலு தவணையும் போயிருக்கும். முதல் பக்கமும் உள்பக்கமும் ஒரே தொகையைக் காட்டியிருக்கும். ரெஃபரன்ஷியல் இன்டக்ரிட்டிப்படி பார்த்தால் டேட்டாபேஸ் சுத்தம், ஓர் அநாதை வரி கிடையாது. அக்காவுக்கு வரவேண்டிய 6,500 ரூபாய் மட்டும் தடயமே இல்லாமல் போயிருக்கும். அநாதை வரி இருந்ததால்தான் தொகை இடித்தது, இடித்ததால்தான் அவர் என்னைக் கூப்பிட்டார்.

அதனால் பணம் சம்பந்தப்பட்ட டேபிளில் ரெஸ்ட்ரிக்ட்தான் என்பது என் முடிவு. கேஸ்கேட்டுக்கும் இடம் உண்டு. பெற்றோர் இல்லாமல் பிள்ளைக்குத் தனி அர்த்தமே கிடையாது என்றால் போடலாம். புடவையின் பதிவை நீக்கினால் அதன் படங்களும் போகட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. செட் நல், பிள்ளைக்குத் தனி வாழ்வு உள்ள இடத்துக்கு. வசூலுக்குப் போகிற பையன் வேலையை விட்டுப் போய்விட்டால், அவன் பார்த்த தெருக்கள் யார் பொறுப்பிலும் இல்லை என்று நிற்கலாம், அடுத்தவர் வரும்வரை. இது நிரல் எழுதுகிறவர் தனியாக முடிவு செய்கிற விஷயமில்லை. கணக்குக்குச் சொந்தக்காரரிடம் கேட்கவேண்டும். 'ஒருத்தரை நீக்கினா அவங்க பாக்கி என்ன ஆகணும்?' என்று நான் முதல் நாளே அக்காவிடம் கேட்டிருந்தால், நீக்கவே கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்.

ஃப்ரேம்ஒர்க் செய்கிற கேஸ்கேட்டும் டேட்டாபேஸ் செய்கிற கேஸ்கேட்டும் ஒன்றல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரெயில்ஸில் 'டிபெண்டன்ட் டிஸ்ட்ராய்' பிள்ளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் கால்பேக்கை (அழிக்கும்போது ஓடவேண்டும் என்று நாம் எழுதிய நிரலை) ஓட்டி அழிக்கும். மெதுவாக இருக்கும், ஆனால் படத்தின் வரியோடு படக்கோப்பையும் டிஸ்க்கிலிருந்து எடுக்கிற மாதிரியான வேலைகள் நடக்கும். ஜாங்கோவின் வழக்கமான கேஸ்கேட்டும் பைத்தானில்தான் நடக்கிறது, டேட்டாபேஸில் இருப்பது வெறும் தடைதான். டேட்டாபேஸ் தானே கேஸ்கேட் செய்தால் வேகம் அதிகம், ஆனால் உங்கள் மாடலுக்குத் தகவலே வராது. லாராவெல்லில் 'டிலீட்டிங்' ஈவென்ட்டில் ஏதாவது எழுதி வைத்திருந்தால், அப்படி அழிந்த பிள்ளைகளுக்கு அது ஓடாது.

சாஃப்ட் டிலீட் போட்டால் தப்பித்துவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். வரியை அழிக்காமல் அழித்த தேதியை மட்டும் எழுதி மறைத்துவைப்பது அது. வரி உள்ளேயே இருப்பதால் ஃபாரின் கீ ஒன்றும் சொல்லாது. ஆனால் ஃப்ரேம்ஒர்க் மறைத்த வரிகளைப் பட்டியலில் காட்டாது. அப்படியானால் பழைய கதைதான்: முதல் பக்கத்தில் ஒரு தொகை, உள்பக்கத்தில் வேறு தொகை. மீட்டெடுக்கலாம் என்பது நல்லதுதான், ஆனால் பாக்கி இருக்கிறதா என்ற சரிபார்ப்பை நாமே எழுதவேண்டும்.

மூன்று சின்ன விஷயங்கள். எண்ணுக்குரிய கட்டம் வெற்றாக இருந்தால் ஃபாரின் கீ அதைத் தடுக்காது, அதனால் கட்டாயம் இருக்கவேண்டிய உறவுக்கு நாட் நல் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். போஸ்ட்கிரெஸ் பிள்ளைப் பக்க நெடுவரிசைக்குத் தானாக இண்டெக்ஸ் போடாது. இன்னோடிபி போட்டுக்கொள்ளும். அப்புறம், ஒரே நெடுவரிசை ஒருமுறை வாடிக்கையாளரையும் ஒருமுறை வியாபாரியையும் சுட்டுகிற பாலிமார்ஃபிக் உறவுக்கு ஃபாரின் கீ போடவே முடியாது. பணக் கணக்கில் அந்த வடிவத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பில் விதியைச் சேர்ப்பது எப்படி? முதலில் அநாதைகளைத் தேடவேண்டும். பிள்ளை டேபிளை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜாயின் (ஜோடி இல்லாத இடப்பக்க வரியையும் விடாத ஜாயின்) செய்து, பெற்றோர் எண் வெற்றாக வருகிற வரிகளை எடுங்கள். அவை இருக்கும்வரை மைஎஸ்க்யூஎல் விதியை ஏற்காது, 1452 என்று திருப்பிவிடும். போஸ்ட்கிரெஸில் 'நாட் வேலிட்' என்று போட்டுப் புதிய வரிகளுக்கு மட்டும் உடனே அமல்படுத்தலாம், பழையதைச் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு 'வேலிடேட்' செய்யலாம். இரண்டு பக்க நெடுவரிசையும் ஒரே வகையாக இருக்கவேண்டும் என்பதும் முக்கியம். லாராவெல் 5.8-க்கு முன் உண்டாக்கிய டேபிள்களில் ஐடி பெரும்பாலும் சாதாரண இன்டிஜராக இருக்கும், ஃபாரின்ஐடியோ பிக் இன்டிஜர். பொருந்தவில்லை என்று எர்ரர் வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

எனக்குக் கிடைத்தது ஒரே ஓர் அநாதை. யாருடையது என்று அக்காவுக்கு நினைவில்லை. பழைய நோட்டை எடுத்தார். விற்ற தேதியையும் 8,500-ஐயும் வைத்துப் பக்கம் பக்கமாகத் தேடி, அதே நாலு தேதிகளில் ஐந்நூறு ஐந்நூறாக வரவு உள்ள பக்கத்தைக் கண்டுபிடித்தோம். பெயர் அங்கே மேலே எழுதியிருந்தது, வீட்டு எண்ணோடு. அந்தப் பெயரை 45 என்ற அதே எண்ணில் மறுபடி சேர்த்தேன். பிறகு விற்பனை, தவணை இரண்டு டேபிள்களுக்கும் விதி போட்டேன், ரெஸ்ட்ரிக்ட்டோடு. பொத்தானையும் மாற்றினேன். பாக்கி இல்லாதவருக்கு மட்டும் 'கணக்கு முடிந்தது' என்ற பொத்தான் வரும், அது யாரையும் அழிக்காது, பட்டியலின் கடைசிக்கு அனுப்பும்.

அக்காவின் மகனிடம் போனைக் கொடுத்து, பழைய திரையிலிருந்து 45-ஐ நீக்கிப் பார் என்றேன். 'இவரிடம் ரூ.6,500 பாக்கி இருக்கிறது. நீக்க முடியாது' என்று வந்தது. அக்கா எட்டிப் பார்த்தார். கடைசித் தவணை எந்தத் தேதியில் வந்தது என்பதையும் அதிலேயே காட்ட முடியுமா தம்பி என்று கேட்டார். இந்த வாரம் அதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.